14 பொருள்களுக்கு 'பாசிட்டிவ்' என்று வந்த ஒவ்வாமைப் பரிசோதனையும் அடங்காத ஆஸ்துமாவும்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: கார்மேகம்

வணக்கம். என் தங்கைக்கு 31 வயது. எட்டு வயதிலிருந்தே அவளுக்கு இளைப்பு உண்டு என்றாலும், பருவம் மாறும்போது சில நாள் வந்து, இன்ஹேலர் எடுத்தால் அடங்கிவிடும் அளவிலேயே அது இருந்து வந்தது. கடந்த ஓராண்டில் நிலைமை முற்றிலும் மாறிவிட்டது. இந்த 12 மாதங்களில் நான்கு முறை ஸ்டீராய்டு மாத்திரை கொடுக்கப்பட்டது. ஒரு முறை நள்ளிரவில் அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று. வாரத்தில் மூன்று இரவுகளாவது இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் இருமலோடு விழித்து, கட்டிலின் விளிம்பில் இரு கைகளையும் ஊன்றிக்கொண்டு, தோள்கள் ஏறி இறங்க உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்து அறையிலிருந்தே அந்த வீசிங் சத்தம் கேட்கிறது.

இரண்டு மாதங்களுக்கு முன் இரத்தத்தில் ஒவ்வாமைப் பரிசோதனை செய்தோம். மூன்று பக்க அறிக்கையில் 14 பொருள்களுக்கு நேரே சிவப்புக் குறி இருந்தது: தூசுப்பூச்சி, கரப்பான், பூனை, சில மகரந்தங்கள், அவற்றோடு பால், கோதுமை, நிலக்கடலை, இறால் என்று உணவுப் பொருள்களும். ஒவ்வாமையோடு தொடர்புடைய எதிர்ப்பொருளான ஐஜிஇயின் மொத்த அளவு 640 என்று வந்தது. அறிக்கையுடன் இணைத்திருந்த தாளில் இவை அனைத்தையும் தவிர்க்குமாறு எழுதியிருந்ததால், அவள் ஒன்றுவிடாமல் நிறுத்திவிட்டாள். ஆறு கிலோ எடை குறைந்ததுதான் மிச்சம். மூச்சுத்திணறல் இம்மியும் குறையவில்லை. நுரையீரல் ஊதுகைப் பரிசோதனை ஒரே ஒரு முறை, அவள் நன்றாக இருந்த ஒரு நாளில் செய்யப்பட்டு, 'நார்மல்' என்று வந்தது. இப்போது இது கடுமையான ஆஸ்துமா என்றும், மாதந்தோறும் ஊசி தேவைப்படலாம் என்றும் சொல்கிறார்கள்.

நான் கேட்க விரும்புபவை: இந்த 14 பொருள்களும் உண்மையிலேயே அவளுக்கு ஒவ்வாதவையா? ஊதுகைப் பரிசோதனை நார்மல் என்று வந்தபின் இது ஆஸ்துமாதானா? ஊசிக்கு முன் நாங்கள் சரிபார்க்க வேண்டியது ஏதேனும் இருக்கிறதா?

பதில் 1: மார்பு நோய் மருத்துவர்

வணக்கம். உங்கள் தங்கையை நேரில் பார்க்காமல் சிகிச்சையை மாற்றச் சொல்வது முறையாகாது. ஆகவே எதைப் பார்க்க வேண்டும், ஏன் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் எழுதுகிறேன். அவற்றை அவருடைய மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.

முதலில் அந்தப் பட்டியல், ஏனெனில் அதனால் ஒருவர் பட்டினி கிடக்கிறார். இரத்தப் பரிசோதனையோ தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனையோ காட்டுவது, குறிப்பிட்ட ஒரு பொருளுக்கு எதிரான ஐஜிஇ என்னும் எதிர்ப்பொருள் உடலில் உருவாகியிருக்கிறது என்பதை மட்டுமே. அந்தப் பொருள் உடலுக்குள் சென்றால் நோய் வருமா என்பது வேறு கேள்வி. அதற்கான விடை அறிக்கையில் இல்லை. அவருடைய அனுபவத்தில்தான் இருக்கிறது. பாலைக் குடித்து 30 ஆண்டுகள் எதுவும் நேராதவருக்கு, தாளில் சிவப்புக் குறி இருக்கிறது என்பதற்காகப் பாலை நிறுத்துவதில் பொருளில்லை. உணவு ஒவ்வாமை பெரும்பாலும் உண்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, மூச்சுத்திணறல் போன்றவற்றோடு வெளிப்படும். அப்படி எதுவும் நடந்ததே இல்லை என்றால் அந்தக் குறியைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை.

இப்படித் தவறான 'பாசிட்டிவ்' வருவதற்கு உடற்கூற்றுக் காரணமும் உண்டு. தூசுப்பூச்சி, கரப்பான், இறால் ஆகிய மூன்றின் தசைகளிலும் டிரோபோமையோசின் என்ற புரதம் ஏறத்தாழ ஒரே வடிவில் இருப்பதால், தூசுப்பூச்சிக்கு எதிராக உருவான எதிர்ப்பொருள் இறாலையும் அடையாளம் கண்டுவிடக்கூடும். புல் மகரந்தத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் கோதுமையையும் அப்படியே பிடித்துக்கொள்ளும். ஆக, அறிக்கையில் 14 வரிகள் இருந்தாலும் உண்மையில் அவை இரண்டு மூன்று ஒவ்வாமைகளின் நிழல்களாக இருக்கலாம். மொத்த ஐஜிஇ 640 என்பதும் நோயின் கடுமையை அளக்கும் எண் அன்று. தோல் அரிப்பு நோயிலும் குடற்புழுத் தொற்றிலும்கூட அது உயரும். ஆனால் அந்த எண்ணைக் கண்டபின் நான் ஒன்றைக் கட்டாயம் கேட்பேன்: ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் என்ற பூஞ்சைக்கு எதிரான ஐஜிஇ பார்க்கப்பட்டதா? அந்தப் பூஞ்சை மூச்சுக்குழாயில் தங்கி உண்டாக்கும் ஒவ்வாமை நோய், அடங்காத ஆஸ்துமாவைப் போலவே தோன்றும். அதற்குச் சிகிச்சை வேறு.

உணவுகளை மீண்டும் தொடங்குவதில் ஓர் எச்சரிக்கை. முன்பு எதிர்வினை நிகழ்ந்த உணவு ஏதேனும் இருந்தால், அதை வீட்டில் சோதித்துப் பார்க்காதீர்கள். அது ஒவ்வாமை மருத்துவரின் கண்காணிப்பில், அதுவும் ஆஸ்துமா அடங்கியபின் செய்ய வேண்டியது. உணவு ஒவ்வாமை உள்ளவருக்கு ஆஸ்துமாவும் கட்டுக்கடங்காமல் இருந்தால், எதிர்வினை உயிருக்கே ஆபத்தாகும் வாய்ப்பு கூடுகிறது.

இரண்டாவது, ஊதுகைப் பரிசோதனை. ஆஸ்துமாவின் இயல்பே ஏறி இறங்குவது. நல்ல நாளில் செய்த ஒரு பரிசோதனை நார்மலாக இருப்பது நோய் இல்லை என்பதற்குச் சான்றாகாது. அறிகுறிகள் இருக்கும் நாளில் செய்து, மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்து மீண்டும் ஊதச் செய்து, முதல் விநாடியில் வெளியேறும் காற்றின் அளவு 12 விழுக்காட்டுக்கும் 200 மில்லிலிட்டருக்கும் மேல் கூடுகிறதா என்று பார்க்க வேண்டும். அது கைகூடாவிட்டால், மூச்சை எவ்வளவு வேகமாக வெளியே ஊத முடிகிறது என்று காட்டும் சிறு கருவியான பீக் ஃப்ளோ மீட்டர் ஒன்றை வாங்கிக் காலையும் மாலையும் மும்மூன்று முறை ஊதி, ஒவ்வொரு வேளையிலும் மிகப் பெரிய எண்ணை எழுதி வையுங்கள். இரண்டு வார ஏடு மருத்துவரின் கையில் இருந்தால், ஒரு நாள் பரிசோதனையைவிட அது அதிகம் பேசும்.

மூன்றாவதுதான் உங்கள் கேள்வியின் மையம். 'அடக்கக் கடினமான ஆஸ்துமா' வேறு, 'கடுமையான ஆஸ்துமா' வேறு. உயர்ந்த அளவு மருந்தை, சரியான முறையில், நாள் தவறாமல் எடுத்து, உடன் இருக்கும் பிற நோய்களையும் கவனித்த பிறகும் அடங்காவிட்டால்தான், அல்லது அந்த உயர்ந்த அளவைக் குறைத்த உடனே மோசமானால்தான் அதைக் கடுமையான ஆஸ்துமா என்கிறோம். ஆஸ்துமா உள்ளவர்களில் அப்படிப்பட்டவர்கள் மிகச் சிலரே. மற்றவர்களில் பலருக்கு இன்ஹேலர் எடுக்கும் முறையில் பிழை இருக்கிறது. அல்லது அழற்சியை அடக்க நாள்தோறும் இழுக்க வேண்டிய தடுப்பு மருந்து ஒழுங்காகச் செல்லவில்லை. அல்லது மூக்கடைப்பு, சைனஸ், நெஞ்செரிச்சல், உடற்பருமன், தூக்கத்தில் மூச்சுத்தடை, மூச்சை உள்ளிழுக்கும்போது குரல்நாண்கள் தாமாக இறுகிக்கொள்ளும் கோளாறு ஆகியவற்றில் ஒன்று உடனிருக்கிறது. சில மருந்துகளும் காரணமாகலாம்: ஆஸ்பிரின் வகை வலிநிவாரணிகள், இரத்த அழுத்தத்துக்கான பீட்டா பிளாக்கர் மாத்திரைகள், கண்ணழுத்தத்துக்குப் போடும் டிமொலால் சொட்டு மருந்துகூட. சொட்டு மருந்தை யாரும் மருந்தாகவே எண்ணிச் சொல்வதில்லை.

பதில் 2: சுவாசப் பிரிவுச் செவிலியர்

மருத்துவர் ஒரு வரியில் கடந்து சென்ற இன்ஹேலர் முறையை நான் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் என் பணி நேரத்தின் பெரும்பகுதி அதிலேயே கழிகிறது. பல ஆண்டுகளாக இன்ஹேலர் எடுக்கிறவர்களிடம் "எப்படி எடுக்கிறீர்கள்?" என்று கேட்டால் எல்லோரும் சரியாகச் சொல்கிறார்கள், "எடுத்துக் காட்டுங்கள்" என்றால்தான் உண்மை தெரிகிறது.

உங்கள் தங்கையை உங்கள் முன்னால் ஒரு முறை எடுக்கச் சொல்லுங்கள். அழுத்தி எடுக்கும் ஸ்பிரே வகை என்றால், குலுக்கினாரா, மூச்சை முழுவதும் வெளியே விட்டாரா, உதடுகளால் இறுக மூடினாரா, மெதுவாக உள்ளிழுக்கத் தொடங்கிய அதே கணத்தில் அழுத்தினாரா, பிறகு பத்து எண்ணும் வரை மூச்சை அடக்கினாரா என்று பாருங்கள். வாயோரத்திலோ மூக்கிலோ வெண்புகை வெளியேறினால் அந்த டோஸ் நுரையீரலுக்குப் போகவில்லை. பலருக்கு நாக்கு மேலெழுந்து வழியை மறைக்கும். மருந்து முழுவதும் நாக்கிலும் தொண்டையிலும் படிந்து குரல் கம்மும், வாயில் வெண்படலம் வரும். கருவிக்கும் வாய்க்கும் இடையே மாட்டும் குழாய் போன்ற ஸ்பேசரை வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கலில் பாதி தீர்ந்துவிடும். ஸ்பேசர் குழந்தைகளுக்கு மட்டும் என்ற எண்ணம் தவறு. ஒரு நேரத்தில் ஒரு பஃப் மட்டும் அழுத்தி, அதை இழுத்து முடித்த பிறகே அடுத்ததை அழுத்த வேண்டும்.

பொடியை இழுக்கும் வகை என்றால் விதி நேர்மாறானது: வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும், கருவிக்குள் மூச்சை விடவே கூடாது, விட்டால் ஈரம் பட்டுப் பொடி கட்டியாகிவிடும். ஸ்பிரே ஒன்றும் பொடி ஒன்றும் வைத்திருப்பவர்கள் இரண்டையும் ஒரே மாதிரி இழுத்து இரண்டையும் வீணாக்குவதை வாரந்தோறும் பார்க்கிறேன்.

இன்னொன்று. கருவியில் உள்ள டோஸ் எண்ணியைப் பாருங்கள். குற்றம் கண்டுபிடிப்பதற்காக அன்று. மருந்து உண்மையில் எவ்வளவு செல்கிறது என்பது தெரியாமல் மருந்து போதவில்லை என்று முடிவெடுக்க முடியாது. உடனடி நிவாரண இன்ஹேலர் ஆண்டுக்கு எத்தனை தீர்கிறது என்பதையும் கணக்கிடுங்கள். 200 டோஸ் கொண்ட சால்பூட்டமால் கருவி ஆண்டுக்கு மூன்றோ அதற்கு மேலோ தீர்ந்தால், கடுமையான தாக்குதல் வரும் அபாயம் கூடியிருக்கிறது என்று பொருள். மாதம் ஒன்று தீர்வது பேரபாயம். அந்த மருந்து குழாயைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்துமே தவிர, உள்ளே இருக்கும் அழற்சியைத் தொடாது. ஆஸ்துமாவுக்கான உலக அளவிலான வழிகாட்டு அமைப்பான ஜினா, 2019 முதல் பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் சால்பூட்டமாலை மட்டும் தனித்துக் கொடுப்பதைப் பரிந்துரைப்பதில்லை.

பதில் 3: ஊசி போட்டுக்கொள்பவன்

அண்ணா, மேலே சொன்ன எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் அடங்காத அந்தச் சிலரில் நானும் ஒருவன் என்பதால் எழுதுகிறேன். உங்கள் தங்கை அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவராக இருந்தால், அவர் மருந்தை ஒழுங்காக எடுக்கவில்லை என்று யாரும் பழி சொல்லிவிடக் கூடாது; எனக்கு அப்படிச் சில ஆண்டுகள் வீணாயின.

38 வயதில்தான் எனக்கு ஆஸ்துமா தொடங்கியது. முதலில் மூக்கடைப்பு வந்தது, பிறகு மணமே தெரியாமற்போனது. சமையலறையில் பால் கருகிப் பாத்திரம் கறுத்துப் புகை எழும்பிய பிறகே எனக்குத் தெரிந்த நாளில்தான் அதன் தீவிரம் உறைத்தது. மூக்கில் சதை வளர்ச்சி இருந்தது. தலைவலிக்கு எடுத்த ஒரு மாத்திரையால் ஒரு மணி நேரத்துக்குள் மூச்சு அடைத்து மருத்துவமனையில் சேர்ந்தேன். மூக்குச் சதை, ஆஸ்துமா, ஆஸ்பிரின் வகை மாத்திரை ஒவ்வாமை ஆகிய மூன்றும் சேர்ந்து வரும் ஒரு தனி நோய் இருக்கிறது என்பதையும், இரத்தப் பரிசோதனையிலோ தோல் பரிசோதனையிலோ அது தெரியாது என்பதையும் அதன்பிறகே ஒரு மருத்துவர் விளக்கினார். ஆகவே உங்கள் தங்கைக்கு மூக்கு எப்படி இருக்கிறது, மணம் தெரிகிறதா என்று கேளுங்கள்.

ஊசியைப் பற்றி: முதலில் எனக்கு ஐஜிஇயைத் தடுக்கும் ஓமாலிசுமாப் கொடுத்தார்கள். நான்கு மாதம் பார்த்தும் எனக்குப் பயன் தெரியவில்லை. இரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளணு வகையின் எண்ணிக்கை மைக்ரோலிட்டருக்கு 600க்கு மேல் இருந்ததால், அதைக் குறைக்கும் மெப்போலிசுமாபுக்கு மாற்றினார்கள். மூன்று மாதத்தில் இரவில் எழுவது நின்றது. அதன் பிறகு ஸ்டீராய்டு மாத்திரையைக் குறைக்க ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று, ஏனெனில் நீண்ட நாள் எடுத்ததால் என் உடல் தானாகச் சுரக்கும் இயற்கை ஸ்டீராய்டான கார்ட்டிசாலை மறந்திருந்தது. திடீரென நிறுத்தியிருந்தால் மயங்கி விழுந்திருப்பேன் என்றார் மருத்துவர். இதற்கிடையில் கண்புரையும் எலும்புத் தேய்மானமும் வந்துவிட்டன. ஓராண்டில் நான்கு முறை ஸ்டீராய்டு மாத்திரை என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு நெஞ்சு பதைத்தது. தாக்குதல் வரும்போது அந்த மாத்திரை உயிர் காக்கும், அதை மறுக்கக் கூடாது. ஆனால் அது திரும்பத் திரும்பத் தேவைப்படுகிறது என்பதே, வேறு ஏதோ சரியில்லை என்பதன் அறிகுறி.

பதில் 4: கார்மேகம்

உங்கள் அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பத்து நாட்கள் கழித்து எழுதுகிறேன்.

செவிலியர் சொன்னபடி அவளை என் முன்னால் எடுக்கச் சொன்னேன். கருவியை வாயில் வைத்து அழுத்திவிட்டு, அரை நொடி கழித்தே இழுத்தாள். உதட்டோரத்தில் புகை தெளிவாகத் தெரிந்தது. பிறகு தடுப்பு இன்ஹேலரின் எண்ணியைப் பார்த்தோம். 120 டோஸ் கொண்ட கருவி அது, காலையில் இரண்டு, இரவில் இரண்டு என்று எடுத்திருந்தால் 30 நாளில் தீர்ந்திருக்க வேண்டும். வாங்கி ஐந்து வாரமாகியும் எண்ணியில் 92 என்று இருந்தது. நான் எதுவும் சொல்லவில்லை. அவளே அழுதுவிட்டாள். இன்ஹேலரில் ஸ்டீராய்டு இருக்கிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பயந்து, மிகவும் முடியாத நாட்களில் மட்டும் எடுத்திருக்கிறாள். நான்கு முறை விழுங்கிய மாத்திரை ஸ்டீராய்டின் அளவோடு ஒப்பிட்டால் இன்ஹேலரில் இருப்பது எவ்வளவு சிறியது என்பதை அவளுக்கு யாரும் விளக்கவில்லை. நானும் இதுவரை அறிந்ததில்லை.

ஸ்பேசர் வாங்கிவிட்டோம். மருத்துவரைக் கலந்து, இதுவரை எதிர்வினையே நிகழ்ந்திராத பாலையும் கோதுமையையும் மீண்டும் தொடங்கியிருக்கிறாள், எந்தத் தொந்தரவும் இல்லை. கடலையும் இறாலும் அவள் முன்பும் அதிகம் உண்டதில்லை என்பதால் ஒவ்வாமை மருத்துவரைப் பார்க்கும் வரை தொடப்போவதில்லை. பீக் ஃப்ளோ ஏட்டில் முதல் வாரம் காலையில் 280 அளவிலும் மாலையில் 360 அளவிலும் வந்துகொண்டிருந்தது.

மேலும் இரண்டு கேள்விகள். தூசுப்பூச்சிக்கு என்ன செய்ய வேண்டும்? இரவில் தாக்குதல் வந்தால் எந்தக் கட்டத்தில் மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும்?

பதில் 5: மார்பு நோய் மருத்துவர்

அந்த ஏட்டின் கணக்கை முதலில் பார்ப்போம். 360க்கும் 280க்கும் வித்தியாசம் 80. இரண்டின் சராசரி 320. ஆக ஒரு நாளின் ஏற்ற இறக்கம் 25 விழுக்காடு. பெரியவர்களுக்கு நாள்தோறும் இப்படிக் கணக்கிட்ட ஏற்ற இறக்கத்தின் சராசரி 10 விழுக்காட்டைத் தாண்டினாலே அது ஆஸ்துமாவுக்கு ஆதரவான சான்று. இது ஆஸ்துமாதானா என்று நீங்கள் முதலில் கேட்டதற்கு உங்கள் தங்கையே விடை எழுதிவிட்டார்.

இரவைப் பற்றி: ஒரு வாக்கியத்தை இடைநிறுத்தாமல் சொல்லி முடிக்க முடியாமற்போனால், உதடு நீலம் பாய்ந்தால், தூக்கக் கலக்கமோ குழப்பமோ தெரிந்தால், முன்பு கேட்ட வீசிங் சத்தம் மூச்சு சீராகாமலேயே அடங்கிப்போனால், உடனே புறப்படுங்கள். சத்தம் நின்றதை முன்னேற்றம் என்று எண்ணிவிடாதீர்கள். காற்று நுழையவே வழியில்லாதபோது சத்தமும் எழாது. வாகனம் வரும் வரையிலும் வழியிலும் சால்பூட்டமாலை ஸ்பேசர் வழியாக ஒவ்வொரு பஃப்பாக, நான்கிலிருந்து பத்து வரை கொடுக்கலாம். 20 நிமிடத்துக்கு ஒரு முறை அதைத் திரும்பச் செய்யலாம். மூச்சுத்திணறலோடு உடல் முழுவதும் தடிப்போ, நாக்கு வீக்கமோ, மயக்கமோ சேர்ந்து வந்தால் அது அனாஃபிலாக்சிஸ் என்னும் உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை எதிர்வினை; அப்போது தொடையின் வெளிப்புறத் தசையில் போடும் அட்ரினலின் ஊசிதான் முதல் மருந்து, இன்ஹேலர் அதற்குப் பின்புதான். இவற்றை அவருடைய மருத்துவரிடம் சொல்லி, மருந்தின் பெயரும் அளவும் குறித்த செயல் திட்டமாக ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நள்ளிரவில் நினைவை நம்ப முடியாது.

தூசுப்பூச்சிக்கு: ஈரப்பதத்தை 50 விழுக்காட்டுக்குக் கீழே வைப்பது, படுக்கை விரிப்புகளையும் தலையணை உறைகளையும் வாரம் ஒரு முறை 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் துவைப்பது, மெத்தைக்கு நெருக்கமான நெசவுடைய உறை போடுவது ஆகியவற்றைச் செய்யலாம். இவற்றில் ஒன்றை மட்டும் செய்வதால் பெரிய பலன் கிடைப்பதில்லை. எல்லாவற்றையும் சேர்த்துச் செய்தாலும் தடுப்பு மருந்துக்கு அது மாற்றாகாது. ஒவ்வாமைப் பொருளையே சிறிது சிறிதாகக் கொடுத்துப் பழக்கும் இம்யூனோதெரபி பற்றி யாரேனும் இப்போது சொன்னால் பொறுத்திருக்கச் சொல்லுங்கள். குறைந்தது மூன்றாண்டுகள் எடுக்கும் அந்தச் சிகிச்சையைக் கட்டுக்கடங்காத ஆஸ்துமாவில் தொடங்குவது ஆபத்து.

ஊசியை நான் எதிர்க்கவில்லை. 2003இல் ஓமாலிசுமாப் வந்த பிறகு மெப்போலிசுமாப், பென்ராலிசுமாப், டூபிலுமாப், 2021இல் டெசிபெலுமாப் என்று வந்த மருந்துகள், மேலே எழுதிய நண்பரைப் போன்றவர்களின் வாழ்க்கையை மாற்றியிருக்கின்றன. ஆனால் ஐந்து வாரத்தில் 28 டோஸ் மட்டுமே எடுத்தவருக்குத் தடுப்பு மருந்து வேலை செய்யவில்லை என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. மூன்று மாதம் ஸ்பேசருடன் ஒழுங்காக எடுக்கட்டும், ஏடு தொடரட்டும். அதன் பிறகும் இரவில் எழுந்தால், ஈசினோஃபில் எண்ணிக்கையையும் மூச்சுக்குழாய் அழற்சியைக் காட்டும், மூச்சுக்காற்றில் உள்ள நைட்ரிக் ஆக்சைடையும் அளந்து, எந்த ஊசி பொருந்தும் என்று பேசலாம். ஸ்டீராய்டு மாத்திரை எடுக்கும் நாட்களில் ஈசினோஃபில் எண்ணிக்கை பொய்யாகக் குறைந்து காட்டும் என்பதால், அந்த இரத்தப் பரிசோதனைக்கு நாள் குறிக்கும்போது கடைசி மாத்திரை எடுத்த தேதியையும் சொல்லுங்கள்.